ராத்திரி 1 மணிக்குக் கடற்கரைக்கு வாங்க! - சான்சிபாரில் அம்மாவும் மகளும் கழித்த ஒரு மாலை

“இன்னிக்கு ராத்திரி ஒரு மணிக்கு ஃபோரோதானிக்குப் போங்க. சாப்பாடு அருமையா இருக்கும்!”

விடுதிக்காரப் பெண் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் இப்படிச் சொன்னதும், திருச்சியில் இருந்து வந்திருந்த அந்த அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “ராத்திரி ஒரு மணிக்கா? வயசுப் பொண்ணைக் கூட்டிக்கிட்டு, முன்னப்பின்ன தெரியாத ஊர்லயா?” என்று மகளைப் பார்த்தார். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

“அம்மா, இவங்க ஒரு மணின்னு சொல்றது நம்ம ஏழு மணி!”

சுவாஹிலி மொழி பேசுகிறவர்களின் மணிக் கணக்கு அப்படித்தான். நள்ளிரவில் அவர்களுக்கு நாள் தொடங்குவதில்லை. சூரியன் உதித்ததும் பகல் தொடங்குகிறது, மறைந்ததும் இரவு தொடங்குகிறது. காலை 7 மணி என்றால் பகல் தொடங்கி ஒரு மணி நேரம் ஆகிவிட்டது, எனவே அது 1 மணி. மாலை 7 மணி என்றால் இரவின் 1 மணி. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர் என்பதால் ஆண்டு முழுக்க சூரிய உதயமும் மறைவும் ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான். அதனால் இந்தக் கணக்கு பிசகுவதே இல்லை.

“அப்போ கடிகாரம்?” என்றார் அம்மா.

“கடிகாரம் ஏழுதான் காட்டும். வாய் ஒண்ணுன்னு சொல்லும். ஆறைக் கழிச்சுக்கோ, அவ்வளவுதான்.”

கிழக்கு ஆப்பிரிக்காவில், தான்சானியாவின் கரையை ஒட்டி இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது சான்சிபார். 2023-ல் சென்னை ஐ.ஐ.டி இங்கே ஒரு வளாகத்தைத் தொடங்கியது. இந்தியாவுக்கு வெளியே ஒரு ஐ.ஐ.டி தொடங்கிய முதல் வளாகம் இது. மகள் அங்கே இரண்டாம் ஆண்டு மாணவி. அம்மா திருச்சி பக்கம் அரசுப் பள்ளியில் தமிழாசிரியை. இதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம்.

“ஆப்பிரிக்காவுலயா படிக்க வைக்கிறே?” என்று சொந்தக்காரர்கள் கேட்ட கேள்வி இரண்டு வருடமாக அவர் காதிலேயே நிற்கிறது. இந்தியாவை விட சான்சிபார் இரண்டரை மணி நேரம் பின்னால். வாரக் கடைசியில் மகள் தோழிகளுடன் நகரத்துக்குப் போனால், அவள் இரவு 9 மணிக்கு விடுதிக்குத் திரும்பும்போது திருச்சியில் பதினொன்றரை. ‘ரூமுக்கு வந்துட்டேன்’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி வரும்வரை அம்மாவுக்குத் தூக்கம் வராது.

அந்த ஒரு வரிக்கு முந்தைய சில மணி நேரங்களில் என்னதான் நடக்கிறது? அதை நேரில் பார்த்துவிடத்தான் வந்திருந்தார்.

மணி 11: சங்கிலியோடு நிற்கும் ஐந்து பேர்

சுவாஹிலிக் கணக்கில் மணி 11, நமக்கு மாலை 5. நகரத்தின் பழைய பகுதியான ஸ்டோன் டவுனில் நடக்கத் தொடங்கினார்கள். பவளப்பாறைக் கற்களால் கட்டிய வீடுகள். இரண்டு பேர் கை கோத்து நடந்தால் எதிரில் வருகிறவர் சுவரோடு ஒதுங்க வேண்டிய அளவுக்குக் குறுகிய சந்துகள். அதற்குள்ளும் பைக்குகள் ஹாரன் அடித்துக்கொண்டு வருகின்றன. 2000-ம் ஆண்டில் யுனெஸ்கோ இந்த இடத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

சாப்பாட்டுக்கு முன்பு மகள் அம்மாவை ஓர் இடத்துக்கு அழைத்துப்போனாள். அது ஆங்கிலிகன் தேவாலயம். அதன் வளாகத்தில் தரைமட்டத்துக்குக் கீழே ஒரு குழி. குழிக்குள் ஐந்து மனிதச் சிலைகள். கழுத்துகளைச் சேர்த்துக் கட்டியிருக்கும் சங்கிலி மட்டும் சிலை இல்லை, அந்தக் காலத்து அசல் சங்கிலி.

இங்கேதான் ஆப்பிரிக்காவின் உள்நாடுகளில் இருந்து பிடித்துவந்த மனிதர்களை ஏலம் விட்ட சந்தை இருந்தது. 1873-ல் பிரிட்டனின் நெருக்கடியால் சுல்தான் பர்காஷ் சந்தையை மூடினார். மூடிய அந்த இடத்திலேயே தேவாலயம் எழுந்தது. அடிமைகளைக் கட்டிவைத்து அடித்த மரம் நின்ற இடத்தில்தான் இன்றைய பலிபீடம் இருப்பதாகச் சொல்கிறார்கள். சந்தை மூடிய பிறகும், அடிமை முறைக்குச் சட்டப்படி முடிவு கட்ட 1897 வரை ஆனது. நம் வீட்டு பிரியாணியில் போடுகிற கிராம்புக்குப் பெயர்போன தீவு இது. அந்தக் கிராம்புத் தோட்டங்களில் உழைத்ததும் அந்த அடிமைகள்தான்.

“இதை ஏன்டி முதல்ல காட்டுறே?” என்றார் அம்மா.

“கடற்கரையை முதல்ல காட்டினா, ஊர் ரொம்ப அழகுன்னு சொல்லிட்டுப் போயிடுவே. நான் இருக்கிற ஊரை நீ முழுசா பார்க்கணும்.”

அங்கிருந்து கடலைப் பார்த்து நடக்கும்போது கண்ணில் படுவது கதவுகள். ஆளுயரத்தைத் தாண்டிய மரக் கதவுகளில் பூவேலை, சில கதவுகளில் வரிசையாகப் பித்தளைக் குமிழ்கள். யானை முட்டித் திறந்துவிடாமல் இருக்க இந்தியாவில் வைத்த குமிழ், இங்கே யானையே இல்லாத தெருவுக்கும் வந்து அலங்காரமாகிவிட்டது என்பார்கள். இந்தத் தெருக்களில் குஜராத்தில் இருந்து வந்த வணிகர்கள் பலர் இருந்தார்கள். 1964 ஜனவரியில் நடந்த புரட்சியில் அரேபியர்களும் இந்தியர்களும் பலர் கொல்லப்பட்டார்கள், ஆயிரக்கணக்கானவர்கள் ஊரை விட்டே போனார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் சான்சிபார், டாங்கன்யிகாவோடு சேர்ந்து இன்றைய தான்சானியா பிறந்தது. ஹுருமுஸி தெருவில் ஓர் இந்துக் கோயில் இன்றும் இருக்கிறது. மணிச் சத்தம் கேட்டு அம்மா அந்தப் பக்கம் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“அப்போ இங்கேயும் கலவரமெல்லாம் நடந்திருக்கு?” என்று கேட்டார்.

“நடந்திருக்கும்மா. நடக்காத ஊர் எது?” என்றாள் மகள். அம்மா பதில் சொல்லவில்லை.

மணி 12: கடலில் மறையும் சூரியன்

ஃபோரோதானி தோட்டம் கடலோரமாக இருக்கிறது. ‘ஃபோரோதா’ என்றால் சுங்கச்சாவடி. கப்பல் சரக்கு இறங்கிய காலத்தின் பெயர் அப்படியே நின்றுவிட்டது. பாழடைந்து கிடந்த தோட்டத்தை ஆகா கான் பண்பாட்டு அறக்கட்டளை 2009-ல் புதுப்பித்துக் கொடுத்தது.

தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் வளர்ந்தவர்களுக்குக் கடல் என்றால் சூரியன் உதிக்கும் இடம். ஸ்டோன் டவுன் தீவின் மேற்குக் கரையில், ஆப்பிரிக்க நிலத்தைப் பார்த்தபடி இருக்கிறது. இங்கே சூரியன் கடலில் மறைகிறது. முக்கோணப் பாய் விரித்த மரப் படகுகள் அந்த வெளிச்சத்தில் கறுப்பாகத் தெரிகின்றன. நம் ஊருக்கு மழை கொண்டுவரும் அதே பருவக்காற்றை நம்பித்தான் பழைய காலத்துக் கப்பல்கள் இந்தியாவுக்கும் இந்தக் கரைக்கும் இடையே போய்வந்தன. வடகிழக்குக் காற்றில் இங்கே வருவார்கள், தென்மேற்குக் காற்றுக்குக் காத்திருந்து திரும்புவார்கள்.

கடலோரச் சுவரில் பையன்கள் வரிசையாக நிற்கிறார்கள். தூரத்தில் இருந்து ஓடிவந்து, காற்றில் ஒரு குட்டிக்கரணம் போட்டு, கடலில் விழுகிறார்கள். விழுந்தவன் ஏறிவருவதற்குள் அடுத்தவன் பறக்கிறான். காசு கேட்டு யாரும் வரவில்லை. கைதட்டினால் மட்டும் இன்னும் உயரமாகக் குதிக்கிறார்கள்.

தோட்டத்துக்கு எதிரே இருப்பது ‘அதிசய மாளிகை’. 1883-ல் சுல்தான் பர்காஷ் கட்டியது. சான்சிபாரில் முதலில் மின்விளக்கு எரிந்தது இங்கேதான், அதனால்தான் அந்தப் பெயர். 1896 ஆகஸ்ட் 27-ல் பிரிட்டிஷ் போர்க் கப்பல்கள் கடலில் நின்று இந்த அரண்மனைப் பகுதியைச் சுட்டன. சுமார் 40 நிமிடத்தில் போர் முடிந்துவிட்டது. உலகிலேயே மிகக் குறைந்த நேரம் நடந்த போர் என்று வினாடி வினாவில் கேட்பார்களே, அது இதுதான். அதையும் தாங்கி நின்ற மாளிகையின் ஒரு பகுதி, 2020 டிசம்பர் 25-ல் கோபுரத்தோடு இடிந்து விழுந்தது.

இருட்டத் தொடங்கியது. பள்ளிவாசல்களில் இருந்து பாங்கு ஒலித்தது. ஒன்று முடியும்போது இன்னொன்று. சற்று நேரம் கடைக்காரர்களின் சத்தம் அடங்கியது. பிறகு ஒவ்வொரு மேசையிலும் விளக்கு எரிந்தது.

மணி 1: மாமாவும் தாதாவும்

வெள்ளைத் தொப்பி போட்ட சமையல்காரர்கள் மேசை மேசையாக நிற்கிறார்கள். கணவாய், இறால், மீன், மாட்டிறைச்சி எல்லாம் குச்சியில் கோத்துத் தயாராக இருக்கிறது. கரி அடுப்புப் புகை கண்ணைக் கரிக்கிறது. கரும்பை இஞ்சி, எலுமிச்சையோடு சேர்த்துப் பிழிகிற இயந்திரம் கடகடவென்று ஓடுகிறது.

“கரிபு மாமா! கரிபு தாதா!” என்று ஜூஸ் கடைப் பையன் கூப்பிட்டான்.

“என்னைப் பார்த்து மாமாங்கறான், உன்னைப் பார்த்துத் தாதாங்கறான். நாம என்ன ரௌடிக் கூட்டமா?” என்றார் அம்மா.

சுவாஹிலியில் ‘மாமா’ என்றால் அம்மா. ‘தாதா’ என்றால் அக்கா. ‘கரிபு’ என்றால் வாங்க. விளக்கம் கேட்டதும் அம்மா முதல்முறையாக மனம் விட்டுச் சிரித்தார். இரண்டு டம்ளர் கரும்புச் சாறும் வாங்கிக்கொண்டார்.

கூட்டம் அதிகம் நின்றது சான்சிபார் பீட்சா கடையில். பெயர்தான் பீட்சா. பரோட்டா மாஸ்டர் போலவே மாவை மெல்லியதாக விரித்து, நடுவில் கொத்துக்கறி, வெங்காயம், முட்டை, சீஸ் வைத்து, நான்கு பக்கமும் மடித்துத் தோசைக்கல்லில் பொரிக்கிறார்கள். நம் ஊர் முட்டை லாப்பா சாப்பிட்டவர்களுக்கு உடனே புரிந்துவிடும்.

“வெள்ளிக்கிழமை. எனக்கு வேண்டாம்” என்றார் அம்மா.

“எனக்கு இங்க வெள்ளிக்கிழமையெல்லாம் கிடையாதும்மா” என்று மகள் ஒன்று வாங்கினாள். அம்மா ஒரு பார்வை பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

அம்மாவுக்கு வாய்த்தது உரோஜோ. மஞ்சள் நிறத்தில், மாங்காய்ப் புளிப்போடு, மாவு கரைத்த சூடான குழம்பு. அதற்குள் பருப்பு பஜ்ஜி, உருளைக்கிழங்கு, உருண்டை போண்டா. மேலே பொரித்த மரவள்ளித் துருவல், தேங்காய்ச் சட்னி, மிளகாய்ச் சாறு. இறைச்சியும் முட்டையும் போடாமல் மகள் கேட்டு வாங்கிக் கொடுத்தாள். ஒரு வாய் சாப்பிட்ட அம்மா, “சாம்பார் வடைக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி மாதிரி இருக்கு” என்றார்.

பஜ்ஜிக்கு இங்கே பெயர் பஜியா. சட்னி, ‘சட்டினி’. சப்பாத்தி, பிரியாணி, அச்சாரி எல்லாமே இந்தியக் கப்பலில் வந்த சொற்கள். வண்டிக்கு ‘காரி’. லட்சத்துக்கு ‘லாக்கி’. ஆட்டோவுக்கு இந்த நாட்டில் பெயரே ‘பஜாஜி’. ஆனால் தமிழாசிரியையை நிமிர்ந்து உட்கார வைத்தது வேறொன்று. ஆங்கிலத்தில் வயலில் இருந்தாலும் தட்டில் இருந்தாலும் எல்லாம் ‘ரைஸ்’தான். சுவாஹிலியில் நெல்லுக்கு ‘ம்புங்கா’, அரிசிக்கு ‘ம்செலே’, சோற்றுக்கு ‘வாலி’ என்று மூன்று சொற்கள்.

“அரிசியைத் தினம் ஆக்குற வீட்டுலதான்டி மூணு பேர் இருக்கும்” என்றார்.

ஒரு சங்கடமும் வந்தது. நன்றாக ஆங்கிலம் பேசிய ஓர் ஆள் கூடவே நடந்துவந்து, ஊரைச் சுற்றிக் காட்டுகிறேன், மசாலாத் தோட்டத்துக்குக் கூட்டிப்போகிறேன் என்று விடவே இல்லை. இப்படி ஒட்டிக்கொள்கிறவர்களுக்கு ஊரில் ‘பாபாசி’ என்று பெயர். அர்த்தம், உண்ணி! மகள் குரலை உயர்த்தாமல், “ஹபானா, அசாந்தே” என்றாள். வேண்டாம், நன்றி. அவர் சிரித்துவிட்டு வேறு பக்கம் போனார். இதை அவள் எத்தனை முறை சொல்லிப் பழகியிருப்பாள் என்று அம்மா நினைத்துக்கொண்டார்.

போக நினைப்பவர்களுக்கு...

* தான்சானியா விசாவுக்கு இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம்.
* 2024 அக்டோபர் முதல் வெளிநாட்டுப் பயணிகள் சான்சிபார் அரசின் காப்பீடு எடுப்பது கட்டாயம். பெரியவர்களுக்கு 44 டாலர்.
* தார் எஸ் சலாமில் இருந்து படகில் சுமார் இரண்டு மணி நேரப் பயணம்.
* ஒரு ரூபாய்க்குச் சுமார் 30 தான்சானிய ஷில்லிங். ஃபோரோதானியில் குச்சியைக் கையில் எடுப்பதற்கு முன்பே விலையைக் கேட்டுவிடுங்கள்.
* பெரும்பாலும் இஸ்லாமியர்கள் வாழும் ஊர். தோளும் முழங்காலும் மறையும் உடை மரியாதை.
* யாராவது நேரம் சொன்னால், ‘சுவாஹிலி மணியா?’ என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்!

மணி 2: சந்துக்குள் ஒரு பணியாரக் கடை

இரவு 8 மணி. “உனக்கு ஒருத்தரை அறிமுகப்படுத்தணும்” என்று மகள் சந்துக்குள் திரும்பினாள்.

ஸ்டோன் டவுன் வீடுகளின் வாசலை ஒட்டி நீளமாகக் கல்லில் கட்டிய இருக்கை இருக்கிறது. ‘பராசா’ என்கிறார்கள். பார்த்த மாத்திரத்தில் அம்மா, “திண்ணை!” என்றார். திண்ணையேதான். ஒரு பராசாவில் முதியவர் பேரனுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறார். இன்னொன்றில் இரண்டு பெண்கள் கீரை ஆய்ந்தபடி பேசுகிறார்கள். காபி கூஜாவோடு ஒருவர் போகிறார். அம்மாவின் பாட்டி வீட்டில் அப்படியொரு திண்ணை இருந்தது. கார் நிறுத்த இடம் வேண்டும் என்று அதை இடித்துப் பல வருடங்கள் ஆகிவிட்டன.

சந்தின் முனையில், ஒரு பராசாவின் ஓரத்தில், கரி அடுப்பை வைத்து உட்கார்ந்திருந்தார் ஒரு பாட்டி. அடுப்பின் மேல் குழி குழியாக ஒரு சட்டி.

“ஷிகாமூ, பீபி” என்றாள் மகள், தலையைத் தாழ்த்தி.

“மரஹபா” என்றார் பாட்டி.

பெரியவர்களுக்குச் சொல்கிற வணக்கம் ‘ஷிகாமூ’. ‘உங்கள் காலைத் தொடுகிறேன்’ என்பது அதன் பழைய பொருள் என்கிறார்கள். இங்கே காலில் விழுவதில்லை, சொல்லாலேயே விழுந்துவிடுகிறார்கள். ‘மரஹபா’ அதற்குப் பெரியவர்கள் தருகிற பதில்.

சட்டியில் வெந்துகொண்டிருந்தது விட்டும்புவா. அரிசியை ஊறவைத்து அரைத்து, தேங்காய்ப்பாலும் ஏலக்காயும் சர்க்கரையும் சேர்த்துப் புளிக்கவைத்து, குழியில் ஊற்றித் திருப்பிப் போடுகிறார்கள். பெயரை மாற்றிவிட்டால் நம் ஊர் இனிப்புக் குழிப்பணியாரம்!

அம்மா கீழே குனிந்து சட்டியைப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளாலும் பேச ஆரம்பித்துவிட்டார். தன் வீட்டுச் சட்டியில் ஏழு குழி என்று விரல் விட்டுக் காட்டினார். அரிசி எத்தனை நேரம் ஊறும் என்று மகள் மூலம் கேட்டார். ராத்திரி முழுக்க, என்றார் பாட்டி. உளுந்து சேர்ப்போம் என்று அம்மா சொல்ல, உளுந்தை எப்படி மொழிபெயர்ப்பது என்று மகள் திண்டாடினாள். பாட்டி கட்டியிருந்த கங்கா துணியின் ஓரத்தில் ஏதோ எழுதியிருந்தது. அவசரத்தில் ஆசி இல்லை என்ற பழமொழி என்று மகள் படித்துச் சொன்னாள். “பதறாத காரியம் சிதறாது” என்றார் அம்மா, வகுப்பில் சொல்கிற அதே குரலில்.

ஆறு வாங்கினார்கள். பாட்டி காசை எண்ணி முடிந்துகொண்டு, கொசுறாக ஏழாவது ஒன்றை வைத்தார்.

சற்றுத் தள்ளி ஒரு பராசாவில் உட்கார்ந்து சாப்பிடும்போதுதான் மகள் சொன்னாள்.

“முதல் மாசம் நான் சாப்பாடு நல்லா இருக்கு, எல்லாம் நல்லா இருக்குன்னு சொன்னேன்ல... அது முழு உண்மை இல்லம்மா.”

அம்மா மெல்வதை நிறுத்தினார்.

“ஒரு சனிக்கிழமை எல்லாரோடயும் டவுனுக்கு வந்தேன். கூட்டத்துல பிரிஞ்சுட்டேன். போன்ல சார்ஜ் இல்ல. இந்தச் சந்துங்கள்ல எங்க திரும்பினாலும் ஒரே மாதிரி இருந்துச்சு. இதே இடத்துல உட்கார்ந்து அழுதேன். அந்த பீபி ஒண்ணும் கேட்கல. ஒரு விட்டும்புவாவைக் கையில வெச்சாங்க. வாயில போட்டதும் நம்ம வீட்டுப் பணியாரம் ஞாபகம் வந்து அழுகை இன்னும் ஜாஸ்தியாயிடுச்சு. அப்புறம் பேரனை அனுப்பி, மெயின் ரோடு வரைக்கும் கொண்டுவந்து விட்டாங்க. அங்க என் ஃப்ரெண்ட்ஸ் தேடிக்கிட்டு நின்னாங்க.”

அம்மாவுக்கு அந்த இரவு நினைவிருந்தது. ‘ரூமுக்கு வந்துட்டேன், நெட்வொர்க் இல்லம்மா’ என்று ஒன்றரை மணிக்குத்தான் செய்தி வந்தது. அதுவரை அவர் கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

“அன்னிக்கே என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லியிருந்தா, போதும், கிளம்பி வான்னு சொல்லியிருப்பே.”

அம்மா மறுக்கவில்லை. சொல்லியிருப்பார்தான்.

“இப்பவும் தனியா சுத்துவியா?”

“ராத்திரில தனியா வர மாட்டேன். கூட்டமா வந்து கூட்டமா போவோம். விளக்கு இல்லாத சந்துல போக மாட்டோம். திருச்சில இருந்தாலும் நீ அதைத்தானே சொல்லுவே?”

அம்மா ஏழாவது பணியாரத்தை இரண்டாகப் பிட்டு, பெரிய பாதியை மகளிடம் கொடுத்தார்.

மணி 3: “எங்கே இருக்கீங்க?”

திரும்பும் வழியில் ‘ஜாஸ் கார்னர்’. பல சந்துகள் கூடும் சின்ன முற்றம். ஆண்கள் பராசாவில் உட்கார்ந்து டோமினோ ஆடுகிறார்கள், அரசியல் பேசுகிறார்கள், கைப்பிடி இல்லாத சின்னக் கோப்பையில் இஞ்சி மணக்கும் கடுங்காபி குடிக்கிறார்கள். காபிக்குத் துணை ‘கஷாத்தா’. நம் கடலை மிட்டாய்! கம்பத்தில் ஒரு பழைய தொலைபேசி தொங்குகிறது. பக்கத்தில் ‘வெளிநாட்டு அழைப்பு இலவசம்’ என்று எழுதியிருக்கிறது. ஊர்க்காரர்களின் கிண்டல் அது. தொலைபேசிக்கு இணைப்பே கிடையாது.

“இதுல உங்க அப்பாகிட்ட பேசலாமா?” என்று கேட்டார் அம்மா. டோமினோ ஆடியவர்களுக்குத் தமிழ் புரியாவிட்டாலும் கேள்வி புரிந்துவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் தள்ளி உட்கார்ந்து, பராசாவில் இடம் விட்டார்.

எங்கேயோ மாடி ஜன்னலில் இருந்து வானொலிப் பாட்டு வந்தது. வயலினும் அரேபிய நரம்புக் கருவியும் கலந்த தாரப் இசை. சித்தி பிந்தி சாத் என்ற சான்சிபார்ப் பாடகி, 1928-லேயே பம்பாய்க்குக் கப்பலில் போய்த் தாரப் பாடல்களை இசைத்தட்டில் பதிவு செய்தார். கிழக்கு ஆப்பிரிக்காவில் இசைத்தட்டில் பாடிய முதல் பெண் அவர். கச்சேரியில் பாட்டு பிடித்துவிட்டால் பெண்கள் எழுந்துபோய்ப் பாடுகிறவர் கையில் பணம் கொடுப்பது இன்றும் வழக்கம். “அந்தக் காலத்துலயே ஒரு பொண்ணு இங்கிருந்து நம்ம ஊருக்கு வந்திருக்காடி” என்றார் அம்மா. “அவங்க அம்மா எப்படித் தூங்கினாங்களோ!”

காபி பாதி குடித்திருக்கும்போது செல்போன் அடித்தது. திருச்சியில் இருந்து அப்பா. அங்கே இரவு பதினொன்றரை.

“எங்கே இருக்கீங்க? ரூமுக்கு வந்தாச்சா?”

“இல்லீங்க. வெளியதான் இருக்கோம். திண்ணையில உட்கார்ந்து காபி குடிக்கிறோம்.”

“இந்நேரத்துக்கு வெளியவா? அங்க மணி என்ன?”

அம்மா பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துக் கையில் கடிகாரம் கட்டுகிற இடத்தைத் தொட்டுக் காட்டினார். அவர் மூன்று விரல்களைக் காட்டினார்.

“மூணுங்க.”

“என்னது, ராத்திரி மூணு மணியா?”

மறுமுனையில் குரல் உயர்ந்தது. இந்த முறை விழுந்து விழுந்து சிரித்தது அம்மா. மகள் போனை வாங்கி, அப்பாவுக்குக் கணக்கை விளக்கத் தொடங்கினாள். அம்மா கடைக்காரரைப் பார்த்து, இன்னொரு காபி என்று விரலைக் காட்டினார்.